பழைய கருவியும் புதிய இயங்குதளமும்

புதிய கணினி வாங்கியோர் பலர் கண்ட அனுபவம் ஒன்றுண்டு. நேற்றுவரை செவ்வனே தொழிற்பட்ட அச்சுப்பொறி, புதிய கணினியோடு இணைத்ததும் ஊமையாகி நிற்கும். பொறியிலே பழுதில்லை, மின்சாரம் உண்டு, மையும் உண்டு. இல்லாதது ஒன்றே. அது 'இயக்கி' எனப்படும் சிறு நிரலாகும்.

இயக்கியின் தொழில் துபாசியின் தொழிலை ஒத்தது. 'இப்பக்கத்தை அச்சிடுக' என இயங்குதளம் பொதுப்படக் கட்டளையிடும். அக்கட்டளையை அந்தந்தக் கருவிக்கே உரிய குறிகளாக மாற்றிக் கொடுப்பது இயக்கி. துபாசிக்கு இருபுறத்து மொழியும் தெரிந்திருத்தல் வேண்டும். கருவியின் மொழி பெரும்பாலும் அது செய்யப்பட்ட நாளோடு நிலைபெற்றுவிடுகிறது. இயங்குதளத்தின் மொழியோ பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. இடர்ப்பாட்டின் வேர் இதுவே.

பழைய நிரல்கள் பல புதிய பதிப்பிலும் இயங்குகின்றனவே, இயக்கிக்கு மட்டும் ஏன் இத்தடை என்று கேட்கலாம். சாதாரண நிரல் வாயிலில் நின்று வேண்டியதைக் கேட்டுப் பெறுகிறது. இயக்கிகளுட் பல, இயங்குதளத்தின் கருவினுள்ளேயே புகுந்து தொழில் செய்கின்றன. அங்கே உள்ளமைப்பு சிறிது மாறினும் பழைய இயக்கி வழிதவறும். அதன் பிழை கணினி முழுவதையும் நிறுத்திவிடக்கூடும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்கள் இயங்கும். ஆயினும் 32 பிட் இயக்கியை அதன் கரு ஏற்பதில்லை.

2007ஆம் ஆண்டு மைக்ரோசொப்ட் நிறுவனம் பொதுமக்களுக்கு வெளியிட்ட விண்டோஸ் விஸ்டா இதற்குத் தக்க சான்று. திரைக்காட்சி இயக்கிகளுக்குப் புதிய அமைப்பு வகுக்கப்பட்டது. 64 பிட் பதிப்பிலே, கருவினுட் புகும் இயக்கிகள் மின்னொப்பம் பெற்றிருத்தல் கட்டாயமாயிற்று. பாதுகாப்புக்கு இம்மாற்றங்கள் வேண்டியவையே. எனினும், விற்று முடிந்த பண்டத்துக்குப் புதிய இயக்கி எழுதுவதால் உற்பத்தியாளருக்கு வருவாய் இல்லை. எழுதாதுவிட்டபோது நல்ல கருவிகளும் பயனற்றுப் போயின.

இவ்விடரைத் தீர்க்கும் வழிகள் மூன்று. முதலாவது, இயங்குதளம் தன் இடைமுகத்தை நிலையாக வைத்தல். விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 ஆகிய இரண்டிற்கும் பொதுவான இயக்கி மாதிரி ஒன்று அவ்வாறு வகுக்கப்பட்டது. இரண்டாவது, 1991இல் தோன்றிய லினக்ஸ் கைக்கொள்ளும் வழி. அதன் கருவின் உள்ளிடைமுகம் மாறாதென்னும் உறுதி எவருக்கும் தரப்படுவதில்லை. ஆனால், இடைமுகத்தை மாற்றுபவர், லினக்ஸ் மூலநிரலோடு சேர்ந்துள்ள இயக்கிகளையும் தாமே திருத்த வேண்டும். அதனால் உற்பத்தியாளர் கைவிட்ட கருவிகள் பல அங்கே உயிர்வாழ்கின்றன. வெளியே நிற்கும் இயக்கிகளுக்கு அப்பேறு இல்லை.

மூன்றாவது, கருவிகள் யாவும் பொதுமொழி பேசுதல். 1996இல் வெளியான யூ.எஸ்.பி. நியமம் கருவிகளை இனம் இனமாக வகுக்க வழிசெய்தது. விசைப்பலகையை எவர் செய்திருப்பினும், அவ்வினத்துக்குரிய ஓர் இயக்கி போதும். அச்சுப்பொறிகளும் இன்று இவ்வழியே செல்கின்றன.

ஆதலின், கருவி வாங்குவோர் விலையோடு வேறொன்றையும் விசாரித்தல் நன்று. அக்கருவி பொதுநியமத்தின்படி தொழிற்படுமா, அன்றித் தனி இயக்கியை நம்பியிருக்குமா என்பதே அது. தனி இயக்கியை நம்பிய கருவியின் ஆயுள், அவ்வியக்கியைப் புதுப்பிப்போரின் கையிலேயே உள்ளது.