உங்களுக்குத் தெரியுமா? பேயாக்கப்பட்ட கொடையாளி

சென்னை ஆழ்வார்பேட்டை டிமான்ட்டி காலனி என்றதும் 2015-இல் வந்த பேய்ப் படம்தான் பலருக்கும் நினைவு வரும். இரவில் ஓர் உருவம் உலவுகிறது, பூட்டிய கதவு தானே திறக்கிறது என்று அந்தத் தெருவைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

பெயருக்குரிய ஜான் டி மான்ட்டியோ செல்வம் கொழித்த போர்ச்சுகீசிய வணிகர். 1821-இல் இறந்தார். திரண்ட சொத்தைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எழுதிவைத்தவர் அவர். அவரது கல்லறை அந்தத் தெருவில் இல்லை. சென்னைக்குத் தெற்கே, கோவளம் மாதா கோயிலில் இருக்கிறது. அள்ளிக் கொடுத்த மனிதரைப் பேயாக்கியது பெரும் அநியாயம். ஆளில்லாமல் பாழடைந்து இருண்டு கிடந்த வீடுகள்தான் இந்தக் கதைகளுக்கு இடம் கொடுத்தன.