அஞ்சுவண்ணமும் கொச்சி யூதர் செப்பேடும்

கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூதர் செபக்கூடம் 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்றது. அங்குப் பேணப்பெறும் செப்பேடோ அக்கட்டடத்தினும் ஐந்தரை நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. சேர மன்னன் பாஸ்கர இரவி, முயிரிக்கோட்டில் இருந்தபோது ஏறத்தாழக் கி.பி. 1000-இல் அதனை வழங்கினான். எழுத்து வட்டெழுத்து, வடசொற்களுக்குக் கிரந்தம் இடையிடையே வருகின்றது. பெற்றவன் பெயர் இஸ்ஸுப்பு இரப்பான். யோசேப்பு ரப்பான் என்னும் பெயர் இவ்வாறு இந்நில ஒலிமரபுக்கு இயைந்து நிற்கின்றது.

அவனுக்கு அளிக்கப்பெற்றவை அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு வீடுபேறும் ஆகும். உல்கும் துலாக்கூலியும் நீக்கப்பெற்றன. பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் முதலிய சிறப்புகள் வழங்கப்பெற்றன. இவ்வுரிமை மகன்களோடு மகள்களுக்கும், மகளை மணந்தவர்க்கும் செல்லும் என்பது கருதத்தக்கது. வேணாடு முதலிய நாடுகளை உடையோர் சான்றாளராக நிற்கின்றனர்.

அஞ்சுவண்ணம் என்பதை யூதர்க்கே உரிய ஊர் அல்லது சிற்றரசு எனப் பழைய ஆய்வாளர் சிலர் கொண்டனர். அக்கொள்கை நிலைபெறுவது அரிது. கி.பி. 849-ஐச் சார்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், கிறித்தவப் பள்ளியொன்றைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்துக்கும் மணிக்கிராமத்துக்கும் உரியதாகின்றது. அதன் சான்றொப்பங்கள் கூபி அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. கீழைக்கரையில், தீர்த்தாண்டதானபுரத்துப் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டும் அஞ்சுவண்ணத்தைப் பிற வணிகக் குழுக்களோடு சேர்த்தே கூறுகின்றது. தக்கலையில் இன்றும் இச்சொல் முசுலிம் மக்களோடு இணைந்து வழங்குகின்றது. ஆகவே மேலையாசிய வணிகர் பலரையும் தழுவிய குழுப்பெயராகவே இதனைக் கொள்ளுதல் பொருந்தும். சாகுபுரத்தை அடுத்த காயல் துறையின் வணிக வரலாற்றை ஆராய்வோர்க்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. அஞ்சுவண்ணம் என்ற சொல்லை மட்டும் கொண்டு ஓரிடத்தில் யூதர் குடியிருப்பை நிறுவ இயலாது.

'பரதேசி' என்னும் சொல்லும் இவ்வாறே நோக்கத்தக்கது. இன்று இரவலனைச் சுட்டும் அச்சொல் அங்கு அயல்நாட்டார் என்னும் பொருளது. ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து துரத்தப்பெற்றோர் முதலாகப் பின்னர் வந்து சேர்ந்தோர் இப்பெயர் பெற்றனர். அவர்தம் செபக்கூடம் 1662-இல் போர்த்துக்கீசியரால் சேதமுற்று, ஒல்லாந்தர் காலத்தில் புதுப்பிக்கப்பெற்றது. மணிக்கூண்டு 1760-இல் அமைந்தது. நெடுங்காலம் முன்னரே வாழ்ந்த மலபார் யூதர்க்கோ அங்குச் சமநிலை மறுக்கப்பெற்றது. அதனை எதிர்த்து ஆபிரகாம் பாரக் சேலம் இருபதாம் நூற்றாண்டில் அறவழியில் போராடினார். 1948-க்குப் பின் இரு பிரிவினருள்ளும் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். மலபார் யூதர் கொச்சங்காடியில் 1344-இல் எழுப்பிய செபக்கூடம் இன்றில்லை; அதன் கல்வெட்டு பரதேசிச் செபக்கூட வளாகச் சுவரில் பதிக்கப்பெற்றுள்ளது.