ஷவ்வாலில் வடக்கே போகும் பிள்ளைகளும் இந்தக் கோடையும்



நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து நாமெல்லாம் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டிருந்த அதே மார்ச் 31 திங்கள்கிழமை, இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக் கணிப்பை வெளியிட்டது. நாட்டின் பெரும்பகுதியில் வெயில் இயல்பைவிடக் கூடுதலாக இருக்கும், வெப்ப அலை வீசும் நாட்களும் கூடும் என்பது அதன் சாரம். நாட்கள் கூடும் என்று பெயர் சொல்லப்பட்ட மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாட்டின் வட பகுதியும் இருக்கிறது.

நமக்கு மேகமலை பக்கத்தில் இருக்கிறது, வடக்கே அடிக்கிற வெயிலுக்கு ஓடைப்பட்டியில் என்ன கவலை என்று கேட்கலாம். கவலை இருக்கிறது. நம் பிள்ளைகள் வேலூர் பாக்கியாத்திலும் வாணியம்பாடி, மேல்விஷாரம் கல்லூரிகளிலும் ஓதுகிறார்கள், படிக்கிறார்கள். ஆம்பூர் தோல் தொழிலிலும் சென்னைக் கடைகளிலும் நம் ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். அரபி மதரஸாக்களின் ஆண்டு ஷவ்வாலில் தொடங்குகிறது. பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்வதால் ஒரு காலத்தில் மழைக்காலத்தில் வந்த ஷவ்வால், இப்போது சித்திரை வெயிலில் வந்து நிற்கிறது. முதல் வருடம் சேரும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் பெட்டியோடு வேலூரில் போய் இறங்குவது, அந்த ஊர் காயத் தொடங்குகிற வாரத்தில்தான். பெருநாள் அன்று பள்ளிவாசல் வாசலிலேயே ஒரு அத்தா என்னிடம், “இப்பவே அனுப்பவா, கொஞ்சம் பொறுத்து அனுப்பவா?” என்று கேட்டார். இந்தக் கட்டுரை அவருக்காகத் தொடங்கியது.

முதலில், இந்தக் கணிப்பை எப்படி வாசிக்க வேண்டும்? மூன்று மாதத்துக்கும் சேர்த்த சராசரி, கடந்த பல ஆண்டு சராசரியைவிடக் கூடுவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதுதான் அது சொல்லும் செய்தி. ஏப்ரல் 20 அன்று வேலூரில் இத்தனை டிகிரி என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நடுவில் கோடை மழை பெய்து நான்கு நாள் குளிர்ந்தால் கணிப்பு பொய் என்று ஆகிவிடாது. அன்றாட நிலவரத்துக்கு சென்னை வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அதில் வரும் எச்சரிக்கைகளுக்கு மதிப்புக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘55 டிகிரி வரப்போகிறது’ வகைச் செய்திகளை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்பதும் ஓர் உதவிதான்.

வெப்ப அலை என்பதற்கும் கணக்கு உண்டு. சமவெளியில் குறைந்தது 40 டிகிரி செல்சியஸ், அதாவது நம் பத்திரிகைகள் எழுதும் பாரன்ஹீட் கணக்கில் 104, இருக்க வேண்டும். அத்தோடு அந்த நாளின் இயல்பு அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். 45 டிகிரியைத் தொட்டுவிட்டால் இயல்பு அளவோடு ஒப்பிட வேண்டியதே இல்லை. கடலோரத்துக்கு மட்டும் 40 அல்ல, 37 டிகிரியே போதும். காரணம், கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் வியர்வை வழிகிறதே தவிரக் காய்வதில்லை. சென்னையில் 38 டிகிரியில் மூச்சுமுட்டுகிறவர் வேலூரில் 40 டிகிரியைத் தாங்கிக்கொள்வது இதனால்தான்.

வடக்கு மட்டும் ஏன் இப்படி? சூரியன் வடக்கு நோக்கி நகரும்போது நம் பள்ளத்தாக்குக்கு நேர் உச்சியில் வருவது ஏறக்குறைய சித்திரை பிறக்கும் நாளில். வேலூர், சென்னைக்கு அதன்பின் பத்து நாள் கழித்து. நமக்கு இரு பக்கமும் மலை, மாலையில் இடி மழைக்கு வாய்ப்பு. மே முடிவில் மேற்குக் காற்று கணவாய் வழியே ஈரத்தோடு வந்து விடுகிறது. அதே மேற்குக் காற்று மலையில் மழையைக் கொட்டிவிட்டு, மேட்டுநிலத்தைத் தாண்டி, வறண்டு சூடாகித்தான் வட மாவட்டங்களில் இறங்குகிறது. நமக்குக் குளிர் தருவதே அவர்களுக்கு அனல். சென்னையைக் காப்பாற்றுவது பகலில் வரும் கடற்காற்று. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அது கரையேறத் தாமதமாகும், சில நாள் வராமலே போகும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகு! ஆகவே கத்திரி கழிந்தது என்று அங்கே இருப்பவர்கள் அசட்டையாக இருக்கக் கூடாது.

சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் வேலூர், திருத்தணி, ஈரோடு, கரூர் பரமத்தி ஆகிய இடங்கள் தினமும் செய்தியில் அடிபட்டன. மே பாதியில் மழை வந்த பின்தான் மக்கள் மூச்சு விட்டார்கள்.

இனி அந்த அத்தாவின் கேள்விக்கு வருகிறேன். மதரஸா திறக்கும் தேதியில் அனுப்புங்கள். பாடம் தவறினால் பிள்ளைக்குத்தான் சிரமம். ஆனால் பகல் பஸ்ஸில் அனுப்பாதீர்கள். போடியிலிருந்து சென்னைக்கு வாரம் மூன்று நாள் இரவு ரயில் இருக்கிறது, தேனியில் ஏறலாம், காட்பாடி வழியாகத்தான் போகிறது. வெயில் ஏறுமுன் விடுதிக்குப் போய்விடலாம். புது வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை மாலை விளையாட்டை அஸருக்குப் பின் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டியில் முறுக்கு டப்பாவோடு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து வையுங்கள். ஒரு பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அரை லிட்டரில் கரைத்துக் குடித்தால் உப்பு மிகுந்துவிடும், நன்மைக்குப் பதில் தீமை. கடும் வெப்பத்தில் லுஹரைச் சற்றுத் தணிந்த நேரம் வரை பிற்படுத்த நம் மார்க்கத்திலேயே வழிகாட்டுதல் இருக்கிறது. உடம்பைக் காப்பது ஈமானுக்குக் குறைவு என்று எந்தப் பிள்ளையும் நினைக்க வேண்டாம்.

பிரியாணிக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். வெளியே வெயில், உள்ளே அடுப்பு. தலை சுற்றல், வாந்தி, தசை இழுப்பு வந்தால் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாமல் உளறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்ப வாதம். உடனே 108-ஐ அழைத்து, வண்டி வரும்வரை உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இந்த மாதமே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் இறப்புக்குக் காரணம் வெப்பம்தான் என்று உரிய அதிகாரியின் சான்று வேண்டும். அவசரமாக அடக்கம் செய்துவிட்டுப் பிறகு அலைந்தால் அந்தச் சான்று கிடைப்பது கடினம். அல்லாஹ் யாருக்கும் அந்த நிலையைத் தராமல் இருப்பானாக.

வட மாவட்டங்களிலும் சென்னையிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், தொழிலாளர்களின் பெயர், தங்கும் இடம், கைபேசி எண் ஆகியவற்றை அடுத்த ஜும்ஆவுக்குள் அறக்கட்டளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். சிவப்பு எச்சரிக்கை வரும் நாளில் இங்கிருந்து ஒருவர் போன் செய்து விசாரிக்க ஏற்பாடு செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

— செயலாளர்