'சிறு கீறல்': கண்புரை அறுவையில் ஒரு சொல்லாய்வு

'கண்ணில் புரை விழுந்தது' என்னும் வழக்கு, கண்ணின்மேல் ஏதோ படிந்ததுபோன்ற எண்ணத்தைத் தருகிறது. உண்மையில் மங்குவது கண்ணினுள் இருக்கும் இயற்கை வில்லையே. ஆகவே அதனை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்துகின்றனர். இதனை 1949-இல் இலண்டனில் முதன்முதலாகச் செய்தவர் ஹரால்ட் ரிட்லி.

அவர் பொருத்தியது மடங்காத நெகிழி வில்லை. அத்தகைய வில்லை நுழைய அதன் அகலத்திற்கேற்ற வாயில் வேண்டும். பழைய முறையில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கீறித் தையலிட்டனர். 1967-இல் சார்லஸ் கெல்மன் மீயொலியால் புரையை நொறுக்கி உறிஞ்சும் முறையைக் கொணர்ந்தார். பின்னர் மடங்கும் வில்லையும் வரவே, 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த கீறல் போதுமானதாயிற்று.

இவற்றிற்கு இடைப்பட்டது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பெருமளவில் கையாளும் கைவழி முறை. 6 அல்லது 7 மில்லிமீட்டர் கீறல் சுரங்கம்போல் சாய்ந்து அமைவதால், தையலின்றித் தானே மூடிக்கொள்ளும். இதற்கே 'சிறு கீறல்' என்று பெயர்.

'சிறு' என்பது ஒப்பீட்டுச் சொல். பத்தை நோக்க ஆறு சிறிது. மூன்றை நோக்கப் பெரிது. பெயரை மட்டும் கேட்டவர் இதுவே மிகச் சிறிய கீறல் என்று கருதி ஒப்பமிடக்கூடும். பெரிது என்பதாலேயே இது தாழ்ந்ததும் அன்று. முற்றி இறுகிய புரைக்கு இம்முறை பெரிதும் ஏற்றது. எனவே 'கைவழிச் சுரங்க முறை', 'மீயொலி முறை' எனச் செயல்வகையால் பெயரிடுவதே தெளிவு.

மருத்துவர் கூறுவதைத் தாத்தா பாட்டியர்க்குத் தமிழில் எடுத்துரைப்பவர் பல இல்லங்களில் மாணவரே. அவர்தம் சொல் தெளிந்தால், முதியோரின் இசைவும் தெளிந்த இசைவாகும்.