கலத்தலும் அளத்தலும்

திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதையை அடுத்துத் தாழையூத்து என்னும் ஊர் உளது. ஆங்குச் சங்கர்நகரில் 1949 ஆம் ஆண்டு சிமெண்டு ஆலை ஒன்று தொடங்கப்பெற்றது. 1946 இல் நிறுவப்பெற்ற இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை அதுவே.

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் பொடியாக அரைத்துக் கலந்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசு வெப்பத்திற் சுட்டுச் சிமெண்டு செய்வர். அப்பொடியில் கால்சியம் கார்பனேட்டு என்னும் சுண்ணாம்புப் பொருள் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு வரை இருத்தல் வேண்டும். மொத்தப் பொடியில் இவ்வளவு இருந்தாற் போதாதோ எனின், போதாது; ஒரு கைப்பிடி அள்ளினும் அதே பங்கு இருத்தல் வேண்டும். ஓரிடத்திற் சுண்ணாம்பு மிகுமாயின், மண்ணோடு சேராத சுண்ணாம்பு சூளையினின்றும் தனித்தே வெளிவரும். அது சுவரினுள் அடங்கிக் கிடந்து, பின்னர் மெல்ல நீரையேற்றுப் பருக்கும். கட்டி முடித்த சுவர் வெடிக்கும். சுண்ணாம்பு குறையினோ, கட்டடத்தின் வலிமை குன்றும்.

பொடி நன்கு கலந்தது என்பதை எவ்வாறு அறிவது? கண் இதற்குத் துணையாகாது. அரைத்த பொடி முழுதும் ஒரே நிறமாகவே தோன்றும். பல இடங்களில் மாதிரி எடுத்துச் சோதித்து, அவை தம்முள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று கணக்கிடுதலே வழி.

பருமனொத்த கருமணிகளையும் வெண்மணிகளையும் சம எண்ணிக்கையில் ஒரு பெரிய பானையில் இட்டதாகக் கொள்வோம். கலக்கும் முன், 100 மணிகளை ஓரிடத்தில் அள்ளினால் அவை முற்றும் கருமையாகவோ முற்றும் வெண்மையாகவோ இருக்கும். நன்றாகக் கலந்தபின் அள்ளினால், ஒவ்வொரு முறையும் சரியாக 50 கருமணிகள் வருமா? வாரா. பெரும்பாலும் 45 க்கும் 55 க்கும் இடைப்பட்டு வரும். இவ்வேறுபாட்டின் அளவைக் கணக்கியலார் திட்டவிலக்கம் என்பர். கலவாத நிலையில் அது 50 மணி. முற்றக் கலந்த நிலையில் 5 மணி. எத்துணைக் கலக்கினும் தற்செயலால் நேரும் இந்த 5 மறையாது. லேசி என்னும் அறிஞர் 1954 இல் இவ்விலக்கங்களின் வர்க்கங்களைக் கொண்டு, கலவாமைக்கு 0 எனவும் முழுக்கலப்புக்கு 1 எனவும் அமையும் எண்ணொன்றை விளக்கினார். விலக்கம் 20 மணியாயினும் அவ்வெண் 0.85 எனக் காட்டும். ஆதலின், 1 ஐ அணுகிற்று என்று விரைந்து மகிழ்தல் ஆகாது.

மாதிரி எவ்வளவினதாய் இருத்தல் வேண்டும் என்பதும் கருதத்தக்கது. கல்லிடைக்குறிச்சி அப்பளம் பெயர் பெற்றது. அதன் மாவிலிட்ட உப்பு, மொத்த மாவுக்குச் சரியாயிருந்தும் ஓரப்பளம் கரித்து மற்றொன்று சப்பென்றிருந்தால் உண்போர்க்கு என்ன பயன்? ஆண்டு ஓரப்பளமே மாதிரியின் அளவு.

மிகுதியாக அசைத்தால் கலவை சிறக்கும் என்று எண்ணுவாரும் உளர். சுளகில் அரிசி கொழிக்கும் தாய்மார் அவ்வாறு எண்ணார். அசைக்க அசைக்கக் குருணை ஒருபாலும் அரிசி ஒருபாலும் ஒதுங்குதலை அவர் அறிவர். கொழித்தல், தெள்ளுதல், நாவுதல், புடைத்தல் எனப் பிரிக்கும் தொழிலுக்கு நம் மொழியிற் சொற்கள் பல. பருமன் ஒவ்வாத பொடிகள் வண்டியிற் குலுங்கினும் குவியலாகக் கொட்டப்படினும் பிரிந்துவிடும்.

இதனால் சிமெண்டு ஆலைகளிற் கல்லை நீளவாட்டில் அடுக்கடுக்காகப் பரப்பிக் குறுக்கே வெட்டி எடுப்பர். அரைத்த பொடியை உயர்ந்த கலங்களில் நிரப்பி அடியினின்றும் காற்றைச் செலுத்துவர்; பொடி நீர்போல் இளகிப் புரளும். குறித்த இடைவேளைகளில் மாதிரி எடுத்து, முன்னாளில் அமிலமிட்டுச் சுண்ணாம்பை அளந்தனர். இந்நாளில் எக்ஸ் கதிர்க் கருவி சில நிமிடங்களில் அளந்து கூறுகிறது. அடுத்தடுத்த மாதிரிகள் மிக வேறுபடுமாயின், கல்லையும் மண்ணையும் சேர்க்கும் அளவைத் திருத்துவர்.