வேலிகாத்தானை வெட்டினால் போதுமா?

கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிறவர்களுக்கு எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கத்து முள்காடு நன்றாகவே பரிச்சயம். சீமைக் கருவேலம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். நம்ம பக்கத்தில் அதுக்கு வேலிகாத்தான் என்று பேர். காலியாகக் கிடக்கும் கம்பெனி இடம், ரயில்வே ஓரம், கழிக்கரை என்று ஒன்றையும் விடாது. வருஷத்துக்கு ஒருமுறை யாராவது பொக்லைன் வைத்து வழிப்பார்கள். அடுத்த மழைக்கு மறுபடி காடு. ஏன்?

இது நம்ம ஊர் மரம் இல்லை. மெக்சிகோ, கரீபியன், தென் அமெரிக்கப் பக்கத்தது. 1870-களில் விறகுப் பஞ்சத்துக்காக மதராஸ் மாகாண வனத்துறை விதை வரவழைத்து, கடப்பா மாவட்டத்தில் விதைத்தது. சும்மா சொல்லக்கூடாது, விறகும் கரியும் கொடுத்துப் பல ஏழை வீட்டு அடுப்பை இந்த மரம்தான் எரித்தது. ஆனால் பரவியதை யாராலும் நிறுத்த முடியவில்லை.

காரணம் இரண்டு. ஒன்று, தூர். மரத்தைத் தரையோடு வெட்டினாலும் மண்ணுக்குள் இருக்கும் தூரில் மொட்டுகள் உயிரோடு இருக்கும். ஒரு தண்டு போன இடத்தில் நாலைந்து தண்டு கிளம்பும். அதாவது வெறுமனே வெட்டுவது களையெடுப்பு இல்லை, கவாத்து! இரண்டாவது, விதை. காய் இனிப்பாக இருப்பதால் ஆடும் மாடும் விரும்பித் தின்னும். கெட்டித் தோல் உள்ள விதை வயிற்றில் ஊறி, எருவோடு வெளியே வந்து முளைக்கும். முளைக்காத விதை மண்ணில் பல வருஷம் காத்திருக்கும்.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். காய் பழுத்து உதிர்வதற்கு முன்பே வேலையைத் தொடங்கணும். மழை முடிந்து மண் ஈரமாக இருக்கும்போது சின்னச் செடிகளைக் கையாலேயே பிடுங்கலாம். பெரிய மரத்தைத் தூரோடு தோண்டி எடுக்கணும். அதன்பின் இரண்டு மூன்று வருஷமாவது புது முளைகளைத் தேடிப் பிடுங்கணும். முக்கியமாக, இடத்தை மொட்டையாக விடக்கூடாது. வேலிகாத்தான் நாற்றுக்கு வெயில் வேணும், நிழலில் தேறாது. உப்புக் காற்றைத் தாங்கும் பூவரசு, புங்கன் மாதிரி மரங்களை உடனே நட்டால் பாதி வேலை முடிந்தது.

எண்ணூரில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே ‘காலி இடம்’ என்று சொல்லப்படுவதில் நிறைய, உண்மையில் கழிவெளி. அலை ஏறி இறங்கும் சேற்றில் வேலிகாத்தானுக்குப் பெரிதாக வேலை இல்லை. அங்கே மண்ணும் இடிபாடும் கொட்டி மேடாக்கினால் உள்ளே வந்துவிடும். வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் சாம்பல் படிந்த கதை ஊரறிந்தது. அப்படி மேடான இடத்தில் முள்ளை மட்டும் எடுத்துப் பயனில்லை. கொட்டியதை அள்ளி, அலைத் தண்ணீர் வந்துபோக வழி விட்டால்தான் கழி கழியாகும். இறால் பிடித்துப் பிழைக்கும் குப்பங்களுக்கு அந்தத் தண்ணீர்தான் சோறு.

முள்ளோடு சேர்த்து அலையாத்தியையும் வழித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. அடையாளம் சுலபம். வேலிகாத்தானுக்கு முள்ளும் புளிய இலை மாதிரிச் சிற்றிலையும் உண்டு. வெண்கண்டலுக்கு முள் கிடையாது, இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், சுற்றிலும் சேற்றிலிருந்து பென்சில் குத்தியது போல மூச்சுவேர்கள் நிற்கும். கடலோர ஒழுங்குமுறைச் சட்டப்படி அலையாத்திக்குப் பாதுகாப்பு உண்டு; அதை வெட்டுவது குற்றம்.

அயல் தாவரங்களை அகற்றவும் இயற்கையை மீட்கவும் 2022-ல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. அதில் அகற்றுவதும் மீட்பதும் சேர்ந்தே இருப்பதைக் கவனியுங்கள். எண்ணூரில் அடுத்த முறை பொக்லைன் வரும்போது கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை ஏக்கர் வழித்தீர்கள்?’ என்பதல்ல. ‘அந்த இடத்தில் அடுத்து என்ன வரப்போகிறது?’ என்பதுதான்.