நடுவில் ஆளில்லாத ஒலி

தொண்ணூறுகளை நினைந்து உருகும் தமிழ் எழுத்துகளும் காணொளிகளும் பெரும்பாலும் கண்ணால் கண்ட பொருள்களின் அணிவகுப்பாகவே அமைகின்றன. தொலைக்காட்சிப் பெட்டியை மூடிய மரக்கதவு, சலூன் சுவரில் ஒட்டியிருந்த நடிகர் படம், வெள்ளிக்கிழமை இரவின் ‘ஒளியும் ஒலியும்’ என நீளும் அந்தப் பட்டியலில், அதே ஆண்டுகளைச் செவி வழியாகவோ, மங்கிய பார்வையின் துணையோடோ கடந்த பிள்ளைகளுக்கு இடமிருப்பதில்லை. அவர்களுள்ளும் ஆண்கள்மீதே ஈர்ப்புக் கொண்டு வளர்ந்த பையனைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் ஒலிநாடா, வானொலி, தொலைபேசி ஆகிய மூன்றும் நடுத்தர வீடுகளின் கைக்கெட்டிய அந்தப் பத்தாண்டு, கோயம்புத்தூரிலும் அதைச் சூழ்ந்த கொங்கு வட்டாரத்திலும் அத்தகைய பையனுக்குப் பொழுதுபோக்கைவிடப் பெரிய ஒன்றைத் தந்தது. நடுவில் இன்னொருவர் இல்லாமல் ஒன்றைத் தானே பெற்றுக்கொள்ளும் வாய்ப்பு அது.

தன் பாலினத்தவர்மீதே காதலும் உடல் விருப்பமும் தோன்றும் இயல்பைத் தன்பாலீர்ப்பு என்பர். அது நோயோ பழகிக்கொண்ட வழக்கமோ அன்று. இந்த இயல்புடைய பார்வையுள்ள பையன் ஒரு பத்திரிகைப் படத்தைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைக்கலாம், ஒரு கடிதத்தை எழுதிக் கிழித்துப் போடலாம், யாரும் அறியாமல் ஒருவனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்வையற்ற பையனுக்கு இவற்றுள் எதுவும் இயலாது. வந்த கடிதத்தை அக்கா படிக்க வேண்டும், பதிலை நண்பன் எழுத வேண்டும், தேர்விலும் அவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் உட்கார வேண்டும். நாளிதழில் எந்தச் செய்தி அவன் காதில் விழலாம் என்பதைக்கூட வாசித்துக் காட்டுபவரே முடிவு செய்தார். இரகசியம் வைத்துக்கொள்ளத் தேவையான அடிப்படைக் கருவிகளே அவனிடம் இல்லை.

பார்வைக் குறைபாடு என்பது முழு இருட்டு மட்டுமன்று. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம், கண்ணாடி அணிந்தபின்னும் நல்ல கண்ணின் கூர்மை 6/60 அளவைத் தாண்டாதவரையும், பார்வைப் பரப்பு 20 பாகைக்குள் சுருங்கியவரையும் பார்வையற்றோர் என வகுத்தது. 6/60 என்றால், பிறர் 60 மீட்டரிலிருந்து அறிந்துகொள்ளும் எழுத்தை 6 மீட்டர் நெருங்கினால்தான் அறிய முடியும் என்று பொருள். இவ்வகைக் குறைபாட்டுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் கொங்கு நாட்டோடு சேர்த்துப் பேச வேண்டியது விழித்திரை நிறமிச் சிதைவு எனப்படும் பரம்பரை நோயாகும். தாய் தந்தை இருவரும் ஒரே பழுதுற்ற மரபணுவைத் தம்மையறியாமல் சுமந்திருந்தால், அவர்களின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் தோன்ற நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்பது இந்நோய் பரவும் முக்கிய வழிகளுள் ஒன்று. நிலமும் நகையும் குடும்பத்தைவிட்டுப் போய்விடாமல் இருக்க மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம், அந்த இணைப்பு நேரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. நோய் முதலில் இரவுப் பார்வையைப் பறித்து, பிறகு ஓரப் பார்வையைக் கரைத்து, உலகைக் குழாய்க்குள் பார்ப்பதுபோல் சுருக்கிவிடும். மாலைக்கண் என்று எண்ணி முருங்கைக்கீரையும் கேரட்டும் கொடுத்துப் பார்த்த வீடுகள் பல. அவை வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு உதவுமேயன்றி இதற்கு உதவா. மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனை 1997இல் கோவையில் கிளை திறந்தபின் நோயின் பெயரை உள்ளூரிலேயே அறிவது எளிதாயிற்று. பெயர் தெரிந்ததே தவிர, மருந்து இருக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் பார்வை போய்விடும் பையனுக்கு ஊர்த் திருவிழாவின் இரவும், இரண்டாம் ஆட்டமும், நண்பர்கள் பைக்கில் சுற்றும் நேரமும் கைநழுவிப் போயின. அக்காலத்தில் ஆண்கள் ஆண்களைத் தேடிக்கொண்ட வழியும் அவனுக்கு மூடியே இருந்தது. பேருந்து நிலையத்திலோ பூங்காவிலோ திரையரங்க வாசலிலோ அத்தகைய அறிமுகம் ஒரு சொல்லுமில்லாமல் கண்ணிலிருந்தே தொடங்கியது. ஒருவன் பார்ப்பதும், மற்றவன் பார்வையை விலக்காமல் நிற்பதுமே அதன் இலக்கணம். அந்த இலக்கணத்தை அறிய முடியாதவன், தன்னை ஒருவன் பார்த்துக்கொண்டிருந்ததையே அறியாமல் வீடு திரும்பினான்.

கல்வியைப் பொறுத்தவரை கோவைக்குத் தனி வரலாறு உண்டு. தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், பெரியநாயக்கன்பாளையத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, அப்பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்காமல் ஊர்ப் பள்ளியிலேயே மற்றவர்களோடு படிக்கவைக்கும் ஒருங்கிணைந்த கல்விக்குப் பெயர் பெற்றது. மத்திய அரசு 1974இல் வகுத்த திட்டம் ஊட்டம் கொடுத்த இம்முறையின் பெரும் பயன், பிள்ளை வீட்டைப் பிரிய வேண்டியதில்லை என்பது. அதன் மறுபக்கம் அதிகம் பேசப்படவில்லை: வீட்டிலேயே வளர்ந்த பார்வையற்ற பையன் ஒருபோதும் தனியாக விடப்படவில்லை, தன்னைப் போன்ற இன்னொரு பையனையும் எளிதில் சந்திக்கவில்லை.

அவனுக்குக் கிட்டிய முதல் அந்தரங்க எழுத்து பிரெய்ல். இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்ல் முறையில் தமிழ் எழுத்தும் ஆறு புள்ளிகளின் சேர்க்கையாக அமைகிறது. தடித்த தாளைக் கட்டங்கள் வெட்டிய ஸ்லேட்டில் செருகி, ஸ்டைலஸ் என்னும் குறுகிய ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போய், தாளைத் திருப்பிப்போட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். வீட்டில் எவருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து என்பதால் நாட்குறிப்புக்கு அதைவிடப் பாதுகாப்பான பூட்டு கிடையாது. என்ன, குத்தும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ‘டக்’ ஒலி எழுந்து, நள்ளிரவில் அடுத்த அறைவரை கேட்கும். ஓரளவு பார்வை இருந்த பிள்ளைகளுக்கோ, கண் தெரிகிறதே என்று பிரெய்லே கற்பிக்கப்படாமல் போவதும் உண்டு. எழுத்தைக் கண்ணருகே ஒட்டிப் படிக்கும் அவர்கள் எதைப் படித்தாலும் அறை முழுவதற்கும் தெரிந்துவிடும்.

ஒலிநாடாவுக்கு இந்த இடர்கள் இல்லை. பதிவுக் கடையில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்து 60 அல்லது 90 நிமிட கேசட்டில் நிரப்பி வாங்கும் வழக்கம் கோவையிலும் திருப்பூரிலும் எல்லா வீடுகளுக்கும் பொதுவானது. அந்தக் கேசட்டைக் கையாள்வதில் பார்வையற்றவன் பிறரைவிடத் தேர்ந்தவனாக இருந்தான். மேல் விளிம்பில் பதிவைத் தடுக்கும் சிறு தகடு உடைக்கப்பட்ட குழியை விரல் நுனியால் அறிந்து, ஏ பக்கத்துக்கு அடையாளமாக நகத்தால் ஒரு கீறல் இட்டு, எந்தப் பக்கச் சுருள் கனத்திருக்கிறது என்பதைக் கொண்டு பாட்டு எங்கே நிற்கிறது என்று கணித்துவிடுவான். பிளே பொத்தானை அரையளவு அழுத்தியபடி நாடாவை ஓடவிட்டால் எழும் கீச்சொலியிலேயே இரு பாடல்களுக்கு இடைப்பட்ட மௌனத்தைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். 1992இல் ‘ரோஜா’ வழியாக ஏ.ஆர். ரகுமான் வந்தபோது, அந்த இசையின் அடுக்கடுக்கான நுண்ணொலிகளை இயர்போனில் பிரித்துக் கேட்டு மகிழ்ந்த முதல் நேயர்களுள் இவர்களையும் சேர்க்க வேண்டும்.

திரைப்படமும் அவர்களுக்கு அன்று முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. ஒரு படத்தின் ஒலித்தடத்தைச் சுருக்கி வானொலி ஒலிபரப்பிய ‘ஒலிச்சித்திரம்’, ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் கதை வசன கேசட்டுகள் ஆகியவை பார்வையுள்ளோருக்காகவே உருவானவை என்றாலும், அவற்றின் முழுப் பயனையும் பெற்றவர்கள் பார்வையற்றோரே. இன்று காட்சி விவரணை என்ற பெயரில் போராடிப் பெறப்படும் வசதியின் ஒரு பாதி, யாரும் கேட்காமலேயே அன்று தேநீர்க் கடையில் ஓடிக்கொண்டிருந்தது. உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கவுண்டமணியும், சூலூர் மணிவண்ணனும், கோவை சரளாவும் பேசிய தமிழ் தன் வீட்டுத் திண்ணையின் தமிழாகவே இருந்ததால், கொங்குப் பையனுக்கு அந்த ஒலி இன்னும் நெருக்கமானது. 1995இல் வந்த ‘சதி லீலாவதி’யில் கமல்ஹாசன் மருத்துவர் சக்திவேல் கவுண்டராகப் பேசிய ‘ங்க’ போட்ட பேச்சைக் கண்ணை மூடிக் கேட்பவர், கோவையில் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டதாகவே எண்ணுவார். இலங்கை வானொலியில் புகழ் பெற்ற பி.எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’, 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்ததும், நேயர் தொலைபேசியில் பேசிப் பாட்டுக் கேட்கும் ‘பெப்சி உங்கள் சாய்ஸ்’ அதே அலைவரிசையில் வெற்றி பெற்றதும் தற்செயலல்ல; அக்காலத் தொலைக்காட்சி பாதி வானொலியாகவே இருந்தது.

குரலே முகமாக இருந்த இந்த உலகில் ஆசையும் குரல் வழியே வந்தது. ஓர் அறிவிப்பாளரின் குரல், வகுப்பில் பின்னிருக்கையில் சிரிக்கும் ஒருவனின் குரல், எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவுக்குள் நின்று, 5ஆம் எண் பொத்தானின் மேலுள்ள சிறு மேட்டைத் தடவி எண்களை அழுத்தியதும் மறுமுனையில் கேட்கும் குரல் ஆகியவை அதன் வடிவங்கள். ஒருவரையொருவர் காணாமலே கடிதத்திலும் தொலைபேசியிலும் காதலிக்கும் இருவரின் கதையான ‘காதல் கோட்டை’ 1996இல் வெளிவந்து, இயக்குநர் அகத்தியனுக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. பார்வையற்ற காதலுக்குத் தொண்ணூறுகளின் தமிழ்த் திரை மிக அருகில் வந்த இடம் அதுதான். ஆனால் இறுதியில் அந்த இருவர் சேர்வதும் காதலி அனுப்பிய ஆடையைக் கண்ணால் கண்டு அறிவதனால்தான். பார்வையற்றோரையே பாத்திரமாக்கிய படங்கள் பெரும்பாலும் இரக்கத்தில் முடிந்தன, அல்லது 1999இன் ‘துள்ளாத மனமும் துள்ளும்’ போலப் பார்வையைத் திருப்பித் தந்து முடித்துக்கொண்டன. பார்வையற்ற ஆணுக்கும் ஆசை உண்டு என்பதை வெட்கமின்றிச் சொன்ன ‘ராஜபார்வை’ 1981லேயே வந்து போய்விட்டது. ஆணை விரும்பும் ஆணுக்கோ நகைச்சுவைக் காட்சியின் நளினமான பேச்சு மட்டுமே ஒதுக்கப்பட்டது. அந்தப் பேச்சு எழுந்ததும் அரங்கில் கிளம்பும் சிரிப்பு, படத்தைப் பார்க்க முடியாதவன் காதில்தான் மிகத் தெளிவாக விழுந்திருக்கும்.

அவனுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே மொழி நட்பு. 1996இன் ‘காதல் தேசம்’ போன்ற படங்கள் ஆண் நட்பைக் காதலுக்கு நிகராக உயர்த்திப் பாடிய காலத்தில், பார்வையற்ற பையன் நண்பனின் முழங்கையையோ தோளையோ பற்றிக்கொண்டு கோவையின் கிராஸ்கட் சாலையில் நடந்துபோனால் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவனது தனிமையைப் பறித்த அதே துணை, பிற தன்பாலீர்ப்பாளர்கள் ஏங்கிய தொடுதலை நாள்தோறும் அவனுக்குத் தந்தது. அதில் வழிகாட்டல் எங்கே முடிகிறது, விருப்பம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லவும் முடியாமல், சொன்னால் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் கையையே இழக்க நேரும் என்ற அச்சத்தோடும் பல ஆண்டுகள் கடந்தன.

பிறகு கல்யாணப் பேச்சு. பிள்ளைப்பேறின்மை ஒரு தம்பதியை என்ன பாடுபடுத்தும் என்பதைப் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ காட்டிய கொங்குச் சமூகத்தில், திருமணம் இருவர் விருப்பத்தைவிடக் குடும்பக் கணக்கைச் சார்ந்தது. பார்வைக் குறைபாடுள்ள மகனை அந்தக் கணக்கு இரண்டு விதமாக நடத்தியது. ‘இவனுக்கு எங்கே அதெல்லாம்’ என்று ஆசையே இல்லாதவனாக ஒதுக்குவது ஒன்று. ‘நாங்க போனதுக்கப்புறம் உன்ன யாரு பாத்துக்குவா கண்ணு’ என்று சொல்லி வசதி குறைந்த முறைப்பெண்ணைக் கட்டிவைப்பது மற்றொன்று. முதலாவது அவனைத் தற்காலிகமாகக் காப்பாற்றியது, இரண்டாவது அவனோடு ஒரு பெண்ணின் வாழ்வையும் சேர்த்துக் கட்டியது. பார்வையற்ற மகளின் நிலை இன்னும் இறுக்கமானது. அவளுக்கு நட்பு என்ற பெயரில்கூட வெளியே நடமாட இடமில்லை.

சட்டமும் அப்போது துணை நிற்கவில்லை. 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, ஆண்களுக்கிடையிலான உடலுறவை ஆயுள் தண்டனைவரை கொண்டு செல்லக்கூடிய குற்றமாக வைத்திருந்தது. 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் விலக்கி, 2013இல் உச்சநீதிமன்றம் மீட்டு நிறுத்திய அப்பிரிவு, வயதுவந்தோரின் விருப்ப உறவைப் பொறுத்தமட்டில் 2018 செப்டம்பர் 6 அன்று செயலிழந்தது. அதற்கு வழி திறந்தது, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அளித்த தீர்ப்பு. மதுரையிலிருந்து வெளியேறிய இரு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று ஆணையிட்ட சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இவ்வியல்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளைத் தடைசெய்ததோடு, தானே உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டதையும் பதிவு செய்தார். ஆனால் அந்தரங்க உரிமை என்பது கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தவருக்கே உடனே பயன்படும்; கடிதத்தைப் பிறர் வாயால் கேட்பவருக்கு அதற்கு முன் வேறொரு கருவி தேவைப்பட்டது.

அக்கருவி திரைவாசிப்பான், அதாவது கணினித் திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள். தொண்ணூறுகளின் நடுவில் விண்டோஸுக்கு வந்த ஜாஸ் விலையால் எட்டாத உயரத்தில் இருந்தது; பார்வையற்ற நிரலர் மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ இலவசமாகக் கிடைத்தது; 2009இல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் அவ்வசதி உள்ளடங்கி வந்தது. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு தன் கடிதத்தைத் தானே படிக்க முடிந்த அந்த நாளை, கேசட் காலம் தந்த தனிமையின் நீட்சியாகவே கொள்ள வேண்டும். அதே 2009இல் வந்த கிரைண்டர் போன்ற தன்பாலீர்ப்பாளர் செயலிகள் மட்டும் பழைய பேருந்து நிலையத்தின் இலக்கணத்தையே கைப்பேசிக்குள் கொண்டு வந்தன. அவற்றில் அறிமுகமே புகைப்படங்களின் வரிசை. திரைவாசிப்பானால் ஒரு முகத்தை வாசிக்க இயலவில்லை.

திரைப்படம் இதற்குள் சற்று முன்னேறியிருந்தது. பிரேசிலின் டேனியல் ரிபெய்ரோ 2014இல் பார்வையற்ற பதின்பருவப் பையன் ஒருவன் வகுப்புத் தோழன்மீது கொள்ளும் காதலை முழுநீளப் படமாக்கினார். அதே ஆண்டு ஷோனாலி போஸின் இந்திப் படமான ‘மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா’வில் பார்வையற்ற பெண்ணொருத்தி இன்னொரு பெண்ணின் காதலியாகத் தோன்றினாள்.

கைப்பேசியிலோ முகத்தைச் சொல்ல மறுபடியும் ஆள் வேண்டியிருந்தது. டென்மார்க்கில் உருவாகி 2015இல் வெளிவந்த ‘பி மை ஐஸ்’ செயலியில், எங்கோ இருக்கும் தன்னார்வலர் கேமரா வழியே பார்த்து விவரிப்பார்; உணவுப் பொட்டலத்தின் தேதியைக் கேட்கலாம், விரும்பும் ஆணின் படத்தைக் காட்டி அந்நியரிடம் கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? 2023இல் அச்செயலி மனிதரோடு செயற்கை நுண்ணறிவையும் விவரிக்கவைத்தபோது, நடுவில் ஆளில்லாமல் ஒரு முகத்தை அறியும் வாய்ப்புக் கிட்டியது. சோதனைக் காலத்திலேயே ஒரு கட்டத்தில், படத்திலிருப்பவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்ற காரணத்தால், அது முகங்களை மட்டும் மறைத்துவிட்டு மற்றவற்றைச் சொல்லத் தொடங்கியது. பார்வையற்ற பயனர்கள் எதிர்ப்புத் தெரிவித்தபின்னரே முகங்களின் விவரணை திரும்பி வந்தது.